ஆன்லைனில் சேர்ந்து விளையாடினால் குழந்தைக்குக் குழுவாக இயங்கவும் பேசவும் வருமா?

கேள்வி இதுதான்: "என் பையனுக்குப் பத்து வயது. வகுப்பு நண்பர்கள் மூன்று பேரோடு ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆன்லைனில் விளையாடுகிறான். பாதி நேரம் கத்தல், மீதி நேரம் சண்டை. இப்படி விளையாடினால் குழுவாக வேலை செய்யவும் தெளிவாகப் பேசவும் பழகுவான் என்கிறார்கள். உண்மையா? எந்த கேம் நல்லது? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

பழக முடியும். ஆனால் நான்கு குழந்தைகள் ஒரே கேமுக்குள் இருக்கிறார்கள் என்பதாலேயே அது நடந்துவிடாது. கேம் எப்படி அமைந்திருக்கிறது, யார் யார் சேர்ந்து ஆடுகிறார்கள், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. கேமின் அமைப்பைப் பற்றித்தான் இங்கே நிறையச் சொல்லப்போகிறேன். பெற்றோர் கவனிக்காமல் விடுவது பெரும்பாலும் அதைத்தான்.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மழலையர் பள்ளிக் குழந்தைகள் விளையாடும் விதத்தைக் கவனித்து வகைப்படுத்தி 1932இல் எழுதினார். அவர் சொன்ன ஆறு வகைகளில் கடைசி மூன்றும் இந்தக் கேள்விக்கு அப்படியே பொருந்தும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே மாதிரிப் பொருள்களை வைத்துக்கொண்டு, ஆளுக்கொன்றைத் தனித்தனியாகச் செய்வது இந்த மூன்றில் முதல் வகை. பேசிக்கொள்வார்கள், பொருள்களைக் கைமாற்றிக்கொள்வார்கள், ஆனால் பொதுவான இலக்கு இருக்காது, இது அடுத்தது. வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரே காரியத்தை முடிப்பதுதான் கூட்டாக விளையாடுவது. இந்த மூன்று வகைகளை மனதில் வைத்துக்கொண்டு பையனின் திரையை அரை மணி நேரம் பாருங்கள். 'மல்டிபிளேயர்' என்று விற்கப்படும் பல கேம்களில் முதல் வகைதான் நடந்துகொண்டிருக்கும். நான்கு பேரும் ஒரே மைதானத்தில் ஓடுவார்கள், ஆளுக்கு ஆள் தனக்கான புள்ளியைச் சேர்ப்பார்கள். ஒருவன் போய்விட்டால்கூட மற்றவர்களின் ஆட்டம் மாறாது.

நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளிதானது. ஒரு குழந்தையின் மைக்கை ஐந்து நிமிடம் ம்யூட் செய்தால் ஆட்டம் நிற்குமா? மற்றவர்கள் "டேய், எங்கே போனே?" என்று தேடுவார்களா? தேடினால் அந்த கேமில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. யாருமே கவனிக்கவில்லை என்றால், அது நல்ல பொழுதுபோக்காக இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் தேடுவது அங்கே கிடைக்காது.

ஏன் அப்படி? 1954இல் முஸாஃபர் ஷெரிஃப் தலைமையில் ஓக்லஹோமாவில் ஒரு கோடைக்கால முகாமில் நடந்த ஆய்வு புகழ்பெற்றது. பதினொரு வயதையொட்டிய சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டி வைத்தார்கள்; பகை வளர்ந்தது. பிறகு இரு அணிகளையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடும் சினிமாவும் கொடுத்துப் பார்த்தார்கள். சண்டை குறையவில்லை. முகாமின் தண்ணீர் வரத்து நின்றபோது, ஓடாத லாரியை எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தபோதுதான் பகை தணியத் தொடங்கியது. இந்த ஏற்பாடுகளும் ஆய்வாளர்கள் திட்டமிட்டுச் செய்தவைதான். ஓர் அணியால் மட்டும் சாதிக்க முடியாத இலக்கு தேவைப்பட்டது. 1971இல் எலியட் ஆரன்சன் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதே எண்ணத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவர்களிடம் கேட்காமல் முழுப் பாடமும் யாருக்கும் கிடைக்காது. அதனால் வகுப்பில் யாரும் கண்டுகொள்ளாத குழந்தை சொல்வதையும் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

ஆகவே கேம் தேடும்போது என்ன வயது, என்ன விலை, எத்தனை நட்சத்திரம் என்பதற்கெல்லாம் முன்னால் இதைக் கேளுங்கள்: என் குழந்தைக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாமலும், மற்றவனிடம் இருப்பது என் குழந்தைக்கு வேண்டியதாகவும் இருக்கிறதா?

இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்ட கேம் 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்'. 2015இல் வந்தது. ஒருவர் திரையில் ஒரு வெடிகுண்டைப் பார்க்கிறார். அதைச் செயலிழக்கச் செய்யும் கையேடு மற்றவர்களிடம் இருக்கிறது. குண்டைப் பார்ப்பவர் கையேட்டைப் பார்க்கக்கூடாது, கையேட்டை வைத்திருப்பவர்கள் குண்டைப் பார்க்கக்கூடாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். வாய்ப்பேச்சு ஒன்றுதான் வழி. கேமை ஒருவர் வாங்கினால் போதும், கையேடு இணையத்தில் இலவசம், வீடியோ அழைப்பிலேயே ஆடிவிடலாம். குண்டு என்ற கருப்பொருள் பிடிக்காத வீடுகள் இருக்கும், அது நியாயமான தயக்கம். ஆனால் இதில் நடக்கும் பேச்சை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அதில் ஒரு பகுதியில் நான்கு விசித்திரக் குறிகள் பட்டன்களில் இருக்கும். கையேட்டில் குறிகள் ஆறு வரிசைகளாகக் கொடுக்கப்பட்டிருக்கும். நான்கு குறிகளும் சேர்ந்து இருக்கும் வரிசை ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்து மேலிருந்து கீழாக அந்த ஒழுங்கில் அழுத்த வேண்டும். முதல் ஆட்டத்தில் குழந்தை சொல்வது: "அது ஒரு மாதிரி வளைஞ்சு இருக்கு, அதான், பார்க்கலையா?" அடுத்தவனுக்கு அது தெரியவே தெரியாது என்பது உறைக்க நேரமாகும். சில ஆட்டங்கள் கழித்து அதே குழந்தை, "கேள்விக்குறியைத் தலைகீழா வெச்ச மாதிரி, புள்ளி மேலே இருக்கு" என்று சொல்லும். இந்த மாற்றம் சாதாரணமானதல்ல. 1966இல் வெளியான ஓர் ஆய்வில், கிளக்ஸ்பர்க், கிரவுஸ், வைஸ்பர்க் என்ற மூவரும் நான்கைந்து வயதுக் குழந்தைகளை நடுவே திரை வைத்து இரண்டு பக்கமும் உட்கார வைத்தார்கள். பெயரில்லாத வினோத வடிவங்களை ஒரு குழந்தை விவரிக்க வேண்டும், மற்றது அதே வடிவத்தை எடுக்க வேண்டும். ஒரு குழந்தை "அம்மாவோட தொப்பி" என்று சொல்லும். அதற்கு அது மிகச் சரியான விவரணை, கேட்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. எதிரில் இருப்பவரின் மனதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எண்ணிப் பார்த்துச் சொல்லைத் தேர்வது வயதோடு மெல்ல வளரும் திறன். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைக்கும் கேமைத்தான் நான் நல்ல கேம் என்பேன். கையேட்டை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லும் குழந்தைக்குக் கூடுதல் பயிற்சியும் கிடைக்கிறது. "சிவப்பு ஒயர் ஒண்ணுமே இல்லைன்னா ரெண்டாவதை வெட்டு" என்ற நிபந்தனை வாக்கியத்தை, பதற்றத்துக்கு நடுவில், குழப்பாமல் சொல்ல வேண்டுமே.

நேர் எதிர்த் திசையில் வேலை செய்யும் ஒன்று 'ஹனாபி' என்ற சீட்டாட்டம். அந்த்வான் பௌசா வடிவமைத்தது, ஆன்லைனிலும் ஆடலாம். உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். வண்ணத்தையோ எண்ணையோ மட்டும் குறிப்பாகச் சொல்லலாம். குறிப்புக்கான வில்லைகள் எட்டுதான். சொல்லச் சொல்லத் தீரும். நிறையப் பேசும் குழந்தை இங்கே திணறும். எதை இப்போது சொல்வது, எதை அவனே ஊகித்துக்கொள்வான் என்று யோசிக்க வேண்டும். கேட்கத் தெரியாத, சதா பேசிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

கத்தல் அதிகம் என்று சொன்னீர்களே, 'ஓவர்குக்ட் 2' என்ற சமையல் கேம் அதைக் கூட்டும், பிறகு சரிசெய்யும். 2018இல் வந்தது, நான்கு பேர் வரை ஆன்லைனில் ஆடலாம். வெட்டுவது, சமைப்பது, தட்டு கழுவுவது, பரிமாறுவது எல்லாம் நேரக் கணக்கில் நடக்கும். சில லெவல்களில் சமையலறையே இரண்டாகப் பிரிந்துவிடும். காய் ஒரு பக்கம், அடுப்பு மறு பக்கம். நான்கு பேரும் தங்களுக்குத் தோன்றியதைச் செய்தால் தோல்வி நிச்சயம். "நான் தட்டு, நீ வெட்டு" என்று யாராவது ஒருவர் சொல்லும் கணத்தில்தான் ஆட்டம் பிடிபடும்.

கட்டிகளை அடுக்கி உலகங்களைக் கட்டும் 'மைன்கிராஃப்ட்' பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதில் இலக்கு என்று எதுவும் கட்டாயமில்லை என்பதே அதன் பலமும் பலவீனமும். சும்மா விட்டால் பார்ட்டனின் அந்த மூன்றில் முதல் வகைதான் நடக்கும். ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு வீடு. தெரிந்தவர்கள் மட்டும் வரக்கூடிய தனி உலகத்தில், "ஆற்றின் குறுக்கே பாலமும் இரு கரையிலும் ஊரும், இரண்டு வாரத்தில்" என்பது போல ஒரு திட்டத்தை அவர்களையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் விளையாட்டே இல்லை, காகிதத்தில் வரைபடம். அங்கே நடக்கும் வாக்குவாதம், எங்கே கோபுரம், யார் கல் வெட்டுவது, யார் கட்டியதை யார் கேட்காமல் இடித்தது, இவையெல்லாம் உண்மையான குழு வேலையில் வரும் அதே சிக்கல்கள்.

குழுவுக்குள் ஒளிந்திருக்கும் ஏமாற்றுக்காரரைப் பேசிக் கண்டுபிடிக்கும் 'அமாங் அஸ்' பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆதாரம் காட்டிப் பேசவும், "நான் அப்போது அங்கே இருந்தேன், இவன் பார்த்தான்" என்று நிரூபிக்கவும் அது நல்ல பயிற்சி. ஆனால் யாராவது ஒருவர் பொய் சொல்லியே தீர வேண்டும், ஒருவரை எல்லோரும் சேர்ந்து வெளியேற்ற வேண்டும். நட்பு உறுதியாக இருக்கும் பெரிய குழந்தைகளுக்குப் பரவாயில்லை. ஏற்கெனவே உரசல் உள்ள குழுவில் அது காயத்தை ஆழப்படுத்தும். பன்னிரண்டு வயதுக்கு மேல் இருவர் மட்டும் ஆடுவதற்கு 'இட் டேக்ஸ் டூ' அருமையானது, ஒவ்வொரு கட்டத்திலும் இருவருக்கும் வெவ்வேறு ஆற்றல். அதன் கதை பெற்றோர் பிரிவதைப் பற்றியது என்பதால் முதலில் நீங்கள் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

யார் சேர்ந்து ஆடுவது? மூன்று அல்லது நான்கு பேர், நேரில் தெரிந்தவர்கள். அதற்கு மேல் போனால் ஆன்லைனில் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சின் மேல் விழும், ஒதுங்கியிருப்பவர் முழுவதுமாகவே ஒதுங்கிவிடுவார். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய பொது லாபியில் அந்நியர்களோடு ஆடவிட்டுக் குழு உணர்வு வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் கலைந்துபோகும் கூட்டத்தில் யாருக்கும் யாரைப் பற்றியும் அக்கறை வைக்க நேரமில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெட்டியின் மேல் இருக்கும் பெகி (ஐரோப்பா), ஈஎஸ்ஆர்பி (வட அமெரிக்கா) வயது முத்திரைகள் பெரும்பாலும் கேமின் உள்ளடக்கத்தைத்தான் மதிப்பிடுகின்றன. எதிரில் ஆடுபவர் மைக்கில் என்ன பேசுவார் என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பல்ல. அதனால் தனி அறை, நண்பர்களுக்கு மட்டும் திறந்த சாட், உண்மைப் பெயரும் பள்ளியும் தெரியாத பயனர் பெயர். கூடவே, குழந்தையிடம் நீங்கள் கொடுக்க வேண்டிய வாக்குறுதி: "யாராவது தப்பாகப் பேசினால் என்னிடம் சொல்லு, அதற்காக கேமைப் பிடுங்க மாட்டேன்." பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் குழந்தைகள் மறைக்கிறார்கள்.

இனி உங்கள் பங்கு. ஆட்டம் நடக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். பக்கத்து அறையிலிருந்து "அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்லு" என்றால் குழந்தை நண்பர்கள் முன்னால் கூசிப்போகும். உங்கள் நேரம் ஆட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம், பின் ஐந்து நிமிடம்.

முன்னால் இரண்டு பேச்சுப் பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கலாம். ஹெட்செட்டில் முகம் தெரியாது, கை எங்கே காட்டுகிறது என்பதும் தெரியாது. எனவே பெயர், இடம், வேலை என்ற வரிசையில் பேசப் பழக்குங்கள். "ஐயோ அங்கே பாரு, சீக்கிரம்!" என்பதில் ஒரு தகவலும் இல்லை. "கவின், இடது கதவு, மூடு" என்பதில் எல்லாம் இருக்கிறது. இரண்டாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. விமானிகள் கட்டுப்பாட்டு அறை கொடுக்கும் உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. "இடது கதவு, மூடறேன்" என்று ஒருவன் சொன்னால் போதும், பாதிச் சண்டை பிறக்காது. குழந்தைகளுக்கு விமானி என்று சொன்னால் ஆர்வமாகச் செய்வார்கள்.

பின்னால் பேசும்போது "ஏன் தோத்தீங்க?" என்று தொடங்கினால் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். "அடுத்தவன் என்ன செய்யறான்னு உனக்குத் தெரியாம இருந்த நேரம் எது?" என்று கேளுங்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு கணம் இருக்கும், யாரும் குற்றவாளியாக வேண்டியதில்லை. "உன்னாலதான் போச்சு" என்று ஒருவன் சொன்னால் அவனைத் திட்டாமல், "நீ சொன்னது அவனுக்குக் கேட்டுச்சா?" என்று திருப்புங்கள். பெரும்பாலும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. அது தெரிந்ததும் குரல் தானாக இறங்கும்.

எல்லாக் குழுவிலும் ஒரு கெட்டிக்காரன் இருப்பான், எல்லோருக்கும் சேர்த்து அவனே யோசித்து உத்தரவு போடுவான். ஜெயிப்பார்கள், ஆனால் மற்ற மூவரும் அவனுடைய கைகளாக இருந்ததைத் தவிர எதையும் கற்றிருக்க மாட்டார்கள். அவனை அடக்குவது வழியல்ல. அவனுக்கு வேறு பொறுப்பு கொடுங்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் கேள்வி மட்டும் கேட்கலாம், கட்டளை போடக்கூடாது. அல்லது கையேடு படிப்பவனாக உட்காரட்டும், திரை அவனுக்குத் தெரியாமல். பொறுப்புகள் சுழன்றுகொண்டே இருந்தால், நேற்று தாமதமாகச் சொன்னதற்காகத் திட்டியவன் இன்று அதே இடத்தில் உட்கார்ந்து எவ்வளவு கடினம் என்று உணர்வான்.

பேசவே தயங்கும் குழந்தை? வாய் திறக்கச் சொல்லி நெருக்காதீர்கள். தட்டச்சிலும் சைகைகளிலும் தொடங்கட்டும். பேச்சு வேகமாக வராத குழந்தைக்கு, யோசித்து எழுதி அனுப்பும் அவகாசம் பெரிய வரம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமென்றே ஸ்டூவர்ட் டங்கன் என்ற கனடாக்காரர் 2013இல் 'ஆட்கிராஃப்ட்' என்ற மைன்கிராஃப்ட் சர்வரைத் தொடங்கினார். மற்ற சர்வர்களில் இந்தக் குழந்தைகள் கேலிக்கு ஆளாவதைக் கண்டுதான் தொடங்கினார். விதிகள் தெளிவாகவும் பெரியவர்களின் கவனிப்பு எப்போதும் இருக்கும்படியும் அமைத்தால், நேரில் நட்பு கிடைக்காத குழந்தைக்கும் இங்கே நட்பு கிடைக்கும்.

நேரக் கட்டுப்பாட்டில் பெற்றோரும் குழந்தையும் மோதிக்கொள்ளும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தின் நடுவில் "எழுந்து வா" என்றால் குழந்தை வராததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமல்ல. அவன் எழுந்தால் மற்ற மூவரும் தோற்பார்கள். குழுவைக் கைவிடாதே என்று ஒரு பக்கம் கற்பித்துவிட்டு மறு பக்கம் கைவிடச் சொல்கிறோம். கணக்கை நிமிடத்தில் வைக்காமல் ஆட்டத்தில் வையுங்கள்: இன்று மூன்று ஆட்டம், அதோடு சரி. ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்களும் தெரிந்துவைத்திருங்கள். மூன்று ஆட்டத்துக்கு நேரமில்லாத நாளில் தொடங்கவே வேண்டாம். பாதியில் எழ மறுத்தவுடன் "அடிமையாகிவிட்டான்" என்று பயப்படும் பெற்றோர் பலர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. ஆனால் கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக கேம் முந்துவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இவை வாழ்க்கையைக் கணிசமாகக் கெடுக்கும் அளவில் பொதுவாக ஓராண்டாவது நீடிப்பதைத்தான் அது சொல்கிறது. தூக்கம், படிப்பு, நேரில் விளையாடுவது எல்லாம் ஒழுங்காக இருக்கும் பத்து வயதுப் பையன் அதில் வரமாட்டான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தப் பதிலில் எதுவுமே பொருந்தாது. அவர்களுக்கு எதிரில் இருக்கும் முகம் வேண்டும்.

கேமில் பழகியது வெளியே வருமா என்பதுதான் எனக்கும் முக்கியமான கேள்வி. ஜென்டைல் முதலியோர் 2009இல் சிங்கப்பூர், ஜப்பான், அமெரிக்கா என மூன்று நாடுகளின் தரவுகளோடு வெளியிட்ட ஆய்வில், பிறருக்கு உதவும் செயல்கள் நிறைந்த கேம்களுக்கும் உதவும் நடத்தைக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் எந்த கேமும் தானே ஒரு குழந்தையை வகுப்புக் குழு வேலையில் சிறந்தவனாக்கிவிடாது. அந்தப் பாலத்தைப் பெரியவர்கள்தான் போட வேண்டும். பள்ளித் திட்டப்பணியில் நண்பனோடு முட்டிக்கொண்டு வந்தால், "குண்டு விளையாட்டில் அவனுக்கு உன் திரை தெரியாதுன்னு சொன்னியே, இங்கே அவனுக்கு எது தெரியலை?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை ஒரு நொடி நின்று யோசிக்கும்.

உங்கள் பையனுக்கு நான் சொல்வது: இப்போது ஆடும் கேமை நிறுத்த வேண்டாம். அதை விட்டுவிட்டு வா என்றால் நண்பர்களை விட்டுவிட்டு வா என்றுதான் அவனுக்குக் கேட்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அதே நால்வரையும் வெடிகுண்டு கேமுக்கோ ஓவர்குக்டுக்கோ அழையுங்கள். முதல் நாள் நீங்களே ஓர் ஆட்டக்காரராக உட்காருங்கள், கையேடு உங்கள் கையில், தட்டுத்தடுமாறிப் படியுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல அவன் எவ்வளவு பாடுபடுகிறான் என்பதைக் கேளுங்கள். அடுத்த வாரம் கையேட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, குண்டை அந்த நால்வரில் குறைவாகப் பேசும் பையனிடம் கொடுங்கள்.